தகைவிலானின் ரத்தத்தில் உள்ள எண் அதன் ஆயுளைச் சொல்லுமா?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், டர்பன் அருகே வெருலத்தில் வசிக்கும் ஒரு வாசகர் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். பக்கத்திலுள்ள மவுண்ட் மோர்லேண்ட் நாணல் காட்டுக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் தகைவிலான் குருவிகளில், ரத்தத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் (ஆக்ஸிஜனால் செல்லுக்கு வரும் சேதத்தைத் தடுக்கும் பொருள்) கூடுதலாக உள்ளவைதான் அடுத்த ஆண்டு வரை பிழைக்கின்றன என்று படித்தாராம். அது உண்மையா என்பது முதல் கேள்வி. அப்படியானால் வீட்டுத் தோட்டத்துத் தண்ணீர்த் தட்டில் விட்டமின் சி, ஈ கலந்து வைத்தால் பறவைகளுக்கு நல்லதா என்பது இரண்டாவது. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் அவருடைய மகள் மவுண்ட் மோர்லேண்டில் குருவிகளின் ரத்தம் எடுத்து இதை ஆய்வுத் திட்டமாகச் செய்யலாமா என்பது மூன்றாவது.

சுருக்கமாகச் சொன்னால், முதலாவது உண்மைதான், ஆனால் அதிலிருந்து மக்கள் எடுக்கும் முடிவு தவறு. இரண்டாவது, வேண்டாம். மூன்றாவது, ரத்தத்தை அளக்கலாம்; ஆனால் மவுண்ட் மோர்லேண்டில் அளந்து ஆயுளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இனி காரணங்கள்.

சாப்பாட்டிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேலை செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது. எலெக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கைமாறி, கடைசியில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராக வேண்டும். நடுவழியில் சில எலெக்ட்ரான்கள் நழுவி ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும்போது பிறப்பது சூப்பராக்ஸைடு. பழைய பாடநூல்கள் ஆக்ஸிஜனில் 1 முதல் 2 சதவீதம் இப்படிக் கசிகிறது என்று எழுதும். அது மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரித்தெடுத்து, ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுத்து அளந்த கணக்கு. உயிருள்ள உடலுக்குள் கசிவு அதைவிட நன்றாகவே குறைவு. ஆனால் பூஜ்யம் ஆவதில்லை.

சூப்பராக்ஸைடை சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுகிறது. அதைக் கேட்டலேஸும் குளூட்டத்தயோன் பெராக்ஸிடேஸும் தண்ணீராக்கிவிடும். இந்த இரண்டாம் படி தாமதமாகி, பக்கத்தில் கட்டப்படாத இரும்பு அயனி இருந்தால்தான் வம்பு. பெராக்ஸைடும் இரும்பும் சேர்ந்து ஹைட்ராக்ஸில் ராடிக்கலை உருவாக்கும். அதைப் பிடிக்க உடலில் நொதியே கிடையாது. எது பக்கத்தில் இருக்கிறதோ அதைத் தாக்கும். கொழுப்புச் சவ்வு, புரதம், டி.என்.ஏ. எல்லாமே இலக்கு. உற்பத்தி தடுப்பை மிஞ்சி இப்படிச் சேதம் சேர்வதைத்தான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். இரும்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விட்டமின் சி கேள்வியில் அது திரும்ப வரும்.

பறவைகளிடம் உள்ள தடுப்பு வரிசை நம்முடையதுபோலவே இருந்தாலும் அழுத்தம் விழும் இடங்கள் வேறு. செல்லுக்குள் மேலே சொன்ன நொதிகளும் குளூட்டத்தயோன் என்ற சிறு மூலக்கூறும். சவ்வுக்குள் விட்டமின் ஈ. ரத்தத்தின் பிளாஸ்மாவில், அதாவது செல்கள் நீங்கிய திரவப் பகுதியில், முதலிடம் யூரிக் அமிலத்துக்கு. நமக்குக் கூடினால் கவுட் என்று டாக்டரிடம் ஓடுகிறோமே, அதே பொருள்தான். பறவைகள் நைட்ரஜன் கழிவை யூரியாவாக அல்லாமல் யூரிக் அமிலமாக வெளியேற்றுவதால் அவற்றின் ரத்தத்தில் அது இயல்பாகவே அதிகம் ஓடுகிறது. மஞ்சள், சிவப்பு நிறம் தரும் கரோட்டினாய்டுகளைப் பற்றித்தான் ஒரு காலத்தில் பெரிய பேச்சு இருந்தது. அலகு எவ்வளவு சிவப்போ அவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் என்று கட்டுரை கட்டுரையாக வந்தது. 2008-இல் கோஸ்டான்டினியும் மோலரும் அதுவரை வந்த ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது, பறவைகளில் கரோட்டினாய்டுகளின் பங்கு சிறிதுதான் என்று தெரிந்தது. அழகு நிறப் பறவைக்கு ஆயுளும் அதிகம் என்று இன்னும் யாராவது எழுதினால் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

பறவைகளில் பொதுவாகவே ஒரு புதிர் உண்டு. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல். ரத்தச் சர்க்கரை பாலூட்டிகளைவிட இரண்டு மடங்கும் அதற்கு மேலும். உடல் எடைக்கு ஒப்பிட்டால் ஆற்றல் செலவும் மிக அதிகம். இத்தனைக்கும் அதே எடையுள்ள பாலூட்டியைவிட நீண்ட நாள் வாழ்கின்றன. புறாவுக்கும் எலிக்கும் எடையும் வளர்சிதை வேகமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் எலியின் உச்ச ஆயுள் சுமார் 4 ஆண்டு, புறாவுடையது சுமார் 35 ஆண்டு. 1990-களில் ஸ்பெயினின் குஸ்தாவோ பார்ஹா குழுவினர் இரண்டின் மைட்டோகாண்ட்ரியாவையும் அளந்தபோது, புறாவில் எலெக்ட்ரான் கசிவு குறைவாக இருந்தது. பறவைச் சவ்வுகளில் எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் கொழுப்பமிலங்களும் குறைவு. ஆகவே புறாவின் நீண்ட ஆயுளுக்கான விளக்கம் பெரும்பாலும் ‘நிறைய ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்பதில் இல்லை; சேதத்தை ஆரம்பத்திலேயே குறைவாக உண்டாக்குவதில் இருக்கிறது. சத்து மாத்திரை விளம்பரங்கள் தொடுவதே இல்லாத பக்கம் இது.

இப்போது தகைவிலானுக்கு வருவோம். நீங்கள் படித்தது மிலான் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா சாய்னோவும் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். இத்தாலியில் கூடு கட்டும் தகைவிலான்களைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையமிட்டு, பிளாஸ்மாவின் மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை அளந்து, 2006 முதல் 2010 வரை ஆண்டுதோறும் எவை திரும்பி வந்தன என்று பார்த்தார்கள். திறன் கூடுதலாக இருந்தவை அடுத்த ஆண்டு வரை பிழைக்கும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. ஆண், பெண் வேறுபாடு இதில் இல்லை. ஒரே குருவியை வெவ்வேறு ஆண்டுகளில் அளந்தாலும் மற்றவற்றோடு ஒப்பிட்ட அதன் இடம் பெரிதாக மாறவில்லை. அதாவது இந்தத் திறன் ஒவ்வொரு குருவிக்கும் ஓரளவு நிலையான குணம். பரம்பரையாக வந்ததோ, குஞ்சுப் பருவத்தில் அமைந்ததோ, இரண்டுமோ.

இந்த ஆய்வில் பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு நுட்பம் இருக்கிறது. வயதோடு ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற கேள்வி. ஒரு பண்ணையில் ஒரு வயதுக் குருவி 100, நான்கு வயதுக் குருவி 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு கூட்டத்தின் சராசரியையும் எடுத்தால் நான்கு வயதினுடையது கூடுதலாக வரும். உடனே ‘வயதாக வயதாகத் தடுப்பு பலப்படுகிறது’ என்று எழுதிவிடலாம், தவறாக. குறைந்த திறனுடைய குருவிகள் இடையிலேயே இறந்துபோனதால் மிச்சம் நிற்பவற்றின் சராசரி உயர்ந்தது. எந்த ஒரு குருவியின் திறனும் உயரவில்லை. சாய்னோ குழு இந்தத் தேர்வு விளைவைக் கழித்துப் பார்த்தபோது வயதோடு மாற்றமே தென்படவில்லை. ஒரே பறவையைத் திரும்பத் திரும்ப அளக்காத எந்த ஆய்விலும் வயது பற்றிய முடிவை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

இனி எச்சரிக்கை. ஆன்டிஆக்ஸிடன்ட் கூடியதால் குருவி பிழைத்ததா, வேறு ஏதோ ஒன்று இரண்டையும் கூட்டியதா? ஒட்டுண்ணி குறைவான குருவி, நல்ல மேய்ச்சல் பரப்புள்ள பண்ணையில் கூடு கட்டிய குருவி, குஞ்சாக இருந்தபோது வயிறாரத் தின்ற குருவி, எல்லாவற்றுக்கும் பிளாஸ்மா எண்ணும் நன்றாக இருக்கும், ஆயுளும் நன்றாக இருக்கும். அளந்து பின்தொடரும் ஆய்வால் இவற்றைப் பிரிக்க முடியாது. இன்னொன்று, பிளாஸ்மாவின் திறன் மட்டும் பாதிக் கதை. ஒரு வீட்டில் இன்று கையில் உள்ள பணத்தை மட்டும் எண்ணிப் பார்த்து அந்த வீட்டின் வரவு செலவைச் சொல்ல முடியாது; எண் குறைவாக இருந்தால் வருமானம் குறைவாகவும் இருக்கலாம், நேற்றுப் பெரிய கடன் ஒன்றை அடைத்ததாகவும் இருக்கலாம். அதனால் தடுப்போடு சேதத்தையும் சேர்த்து அளக்காத ஆய்வுக்கு மதிப்பு குறைவு.

காரணத்தைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் பறவையின் வாழ்க்கையில் கை வைத்துச் சோதனை செய்ய வேண்டும். அப்படிச் செய்த நல்ல ஆய்வு நம் நாட்டிலேயே இருக்கிறது. வட கேப் மாகாணத்தில், கலஹாரியின் ட்ஸ்வாலு காப்பகத்தில், தூக்கணாங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்த வெண்புருவக் குருவிகள் கூட்டமாக வாழ்கின்றன. முள்மரத்தில் வைக்கோல் பந்துகளாகக் கூடு தொங்கும். ஒரு கூட்டத்தில் ஒரே ஜோடிதான் முட்டை இடும். மற்றவை குஞ்சுக்கு இரை ஊட்ட உதவும். டொமினிக் கிராமும் ஆண்ட்ரூ யங்கும் குழுவினரும் சில கூட்டங்களின் முட்டைகளை எடுத்துவிட்டார்கள்; மற்றவற்றைக் குஞ்சு பொரித்து வளர்க்க விட்டார்கள். 2015-இல் வெளியான முடிவு: குஞ்சு வளர்த்த கூட்டங்களில் ஆக்ஸிஜனேற்றச் சேதம் கூடியது, உடல் எடை குறைந்தது. ஆனால் உதவிக்கு ஆள் இல்லாத, அல்லது குறைவாக உள்ள சிறு கூட்டங்களில் மட்டும். உதவியாளர் நிறைந்த பெரிய கூட்டங்களில் அந்த விலையைக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதிகமாக இரை சுமந்த குருவிகளில் எடையும் ஆன்டிஆக்ஸிடன்ட் பாதுகாப்பும் கூடுதலாக இறங்கின. சேதத்தைத் தீர்மானித்தது உழைப்பின் பளு. மூச்சு வாங்க வைக்கும் வேலையைப் பங்கு போட ஆள் இருந்தால் அதே பறவை அதே பாலைவனத்தில் சேதமின்றி மீள்கிறது.

தகைவிலானுக்கு உதவியாளர் கிடையாது. கூடு கட்டி, இரண்டு ஈடு குஞ்சுகள் வளர்த்து முடித்த கையோடு சுமார் 10,000 கி.மீ. பறக்க வேண்டும். இந்தப் பயணம் நம் மாகாணத்துக்குத்தான் என்று முதன்முதலில் தெரிந்தது, 1911 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் வளையமிட்ட ஒரு குருவி 1912 டிசம்பரில் நட்டாலின் உட்ரெக்ட் அருகே ஒரு பண்ணையில் பிடிபட்டபோது. நீண்ட பறத்தல் உடலுக்கு என்ன செய்கிறது என்பதற்கு இரு சான்றுகளைச் சொல்லலாம். பந்தயப் புறாக்களை சுமார் 200 கி.மீ. பறக்கவிட்டு அளந்தபோது சேதத்தின் எண் ஏறியது, தடுப்பின் எண் இறங்கியது. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் கணவாய் ஒன்றில், இரவில் பறந்துகொண்டிருந்த ராபின் குருவிகளைப் பிடித்து, தரையில் ஓய்வெடுத்தவற்றோடு ஒப்பிட்டபோது, பறந்தவற்றின் புரதச் சேதம் அதிகமாக இருந்தது. ஆனால் குளூட்டத்தயோன் பெராக்ஸிடேஸ் நொதியும் அதிகமாக இருந்தது. பளு கூடும்போது தடுப்பையும் உடல் கூட்டிக்கொள்கிறது என்பது இதில் கவனிக்க வேண்டியது. ஒரு பறவையின் நொதி அளவு அதிகம் என்றால் அது நலமாக இருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம், சண்டையின் நடுவில் இருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம்.

இங்கே வந்த பிறகும் ஓய்வு இல்லை. புரட்டாசி விரதம் முடியும் தறுவாயில் முதல் கூட்டங்கள் தெரியத் தொடங்கும். சித்திரைப் புத்தாண்டு வாக்கில் நாணல் காலியாகும். அந்த இடைப்பட்ட மாதங்களில் தகைவிலான் தன் இறகு முழுவதையும் மாற்றிக்கொள்கிறது. திரும்பிப் பறக்கப் போவது இங்கே முளைக்கும் புது இறகில்தான். இறகு கெரட்டினால் ஆனது, கெரட்டினுக்கு கந்தகம் உள்ள சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் நிறைய வேண்டும். குளூட்டத்தயோன் செய்யவும் அதே சிஸ்டைன்தான் வேண்டும். தொண்டையிலுள்ள செம்பழுப்பு நிறத்துக்குக் காரணமான ஃபியோமெலனின் நிறமிக்கும் அதே சிஸ்டைன். மூன்று செலவுக்கும் ஒரே மூலப்பொருள். அணு உலை விபத்து நடந்த செர்னோபிலைச் சுற்றியுள்ள பறவைகளை 2014-இல் ஆராய்ந்த இஸ்மாயில் கல்வான் குழுவினர், கதிர்வீச்சு கூடிய இடத்தில் பறவைகளின் குளூட்டத்தயோன் உயர்ந்திருந்ததையும், ஃபியோமெலனின் அதிகம் உற்பத்தி செய்யும் இனங்கள் மோசமான நிலையில் இருந்ததையும் கண்டார்கள். செர்னோபில் பறவை ஆய்வுகள் பலவற்றின்மேல் சர்ச்சை உண்டு, கதிர்வீச்சு அளவீடு பற்றி. ஆனால் சிஸ்டைன் கணக்கு வேதியியல். அதில் சர்ச்சைக்கு இடமில்லை. ஆக, தகைவிலானுக்கு இந்த மாதங்களில் வேண்டியது புரதம், அதாவது பூச்சி. கரும்புத் தோட்டத்தின் மேலும் ஓடைக்கரையிலும் பறந்தபடி பிடிக்கும் பூச்சி.

இதனால்தான் தண்ணீர்த் தட்டில் விட்டமின் என்ற யோசனை முதல் அடியிலேயே நின்றுவிடுகிறது. தகைவிலான் தட்டுக்கே வராது. பறந்தபடியே நீர்ப்பரப்பில் அலகை உரசிக் குடிக்கும், இரையும் காற்றில்தான். உங்கள் தட்டுக்கு வருவது மைனா, சிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி, கொண்டைக்குருவி, புறா.

அவற்றுக்கும் வேண்டாம். பெரும்பாலான பறவைகள் விட்டமின் சி-யைச் சிறுநீரகத்திலோ ஈரலிலோ தாமே செய்துகொள்கின்றன. செய்ய முடியாதவையும் உண்டு. இந்தியாவில் நாம் பார்க்கும் செங்குதக் கொண்டைக்குருவி அதில் ஒன்று என்று 1958-லேயே கண்டுபிடித்தார்கள். ஆனால் அது பழம் தின்னும் பறவை. வேண்டியது பழத்தில் கிடைத்துவிடும். மாறாக, கூடுதல் விட்டமின் சி குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதை அதிகரிக்கும். மைனா, டூக்கன் போன்ற பறவைகளுக்கு ஈரலில் இரும்பு சேர்ந்து இறக்கும் நோய் உண்டு. கூண்டில் வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால் அவர்கள் இரும்பு குறைந்த தீவனம் தேடுவார்கள், ஆரஞ்சு வகைகளைத் தவிர்ப்பார்கள். இரும்பு சேர்ந்த ஈரலில் என்ன நடக்கும் என்று மேலே பார்த்தோம்: பெராக்ஸைடு, இரும்பு, ஹைட்ராக்ஸில் ராடிக்கல். விட்டமின் சி அந்த இரும்பைத் திரும்பத் திரும்பப் பழைய நிலைக்கு மாற்றி வினையை ஓட வைக்கும். தடுக்க ஊற்றியது சேதத்தைத் தூண்டும் பொருளாகிவிடுகிறது.

விட்டமின் ஈ தண்ணீரில் கரையாது. எண்ணெய்ப் படலமாக மிதந்து இறகில் ஒட்டும். இறகில் எண்ணெய் ஒட்டினால் நீர் புகும், உடல் சூடு போகும். கடையில் கிடைக்கும் விட்டமின் பொடிகளில் சர்க்கரை கலந்திருக்கும். டர்பன் வெயிலில் அந்தத் தண்ணீர் அரை நாளில் நுரைத்துப் பாக்டீரியா பெருகும். வெறும் தண்ணீர் வையுங்கள், 2 முதல் 3 செ.மீ. ஆழம் போதும், தினமும் காலையில் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பது எந்த விட்டமினையும்விட அவற்றின் குளூட்டத்தயோனைக் காப்பாற்றும், ஏனென்றால் பல பூச்சிமருந்துகளை உடல் நச்சு நீக்கம் செய்வது அதே குளூட்டத்தயோனைச் செலவழித்துத்தான். ஈயமும் அப்படியே: கந்தகம் உள்ள மூலக்கூறுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய வீட்டுப் பெயின்டைச் சுரண்டிய தூள் பறவைகள் மேயும் மண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளின் திட்டத்துக்கு வருவோம். மவுண்ட் மோர்லேண்டில் ஏன் ஆயுளை அளக்க முடியாது? பிழைப்பு விகிதம் அளக்க, வளையமிட்ட பறவை அடுத்த ஆண்டு திரும்பக் கண்ணில் பட வேண்டும். இத்தாலியப் பண்ணையில் இது நடக்கும், ஏனென்றால் முதிர்ந்த தகைவிலான் சென்ற ஆண்டு கூடு கட்டிய அதே தொழுவத்துக்கோ பக்கத்துக்கோதான் வரும். வரவில்லை என்றால் பெரும்பாலும் இறந்துவிட்டது. அந்த இனத்தில் முதிர்ந்தவற்றில் பாதிக்கும் மேல் ஓராண்டைத் தாண்டுவதில்லை, எனவே சில ஆண்டுகளிலேயே போதிய தரவு சேர்ந்துவிடும். மவுண்ட் மோர்லேண்டிலோ உச்ச காலத்தில் சுமார் 30 லட்சம் குருவிகள் அடைவதாகக் கணக்கு. ஆண்டுக்கு ஆண்டு அந்த எண்ணிக்கை மாறும், குருவிகள் வேறு நாணல் காட்டுக்கும் போய் அடையும். 300 குருவிக்கு ரத்தம் எடுத்து வளையமிட்டாலும் மறு ஆண்டு ஒன்றுகூட வலையில் விழாமல் போகலாம். காணாமல் போனது செத்ததா, பக்கத்து ஓடையில் அடைகிறதா என்று எந்தப் புள்ளியியல் மாதிரியும் பிரித்துச் சொல்லாது, மறுபிடிப்பு எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தால்.

அங்கே அளக்கத் தகுந்த வேறு கேள்வி உண்டு: இறகு மாற்றம் மும்முரமாக நடக்கும் டிசம்பரிலும், முடிந்து கொழுப்புச் சேர்க்கும் மார்ச்சிலும் ரத்தத்தின் நிலை எப்படி மாறுகிறது? இதற்கு மறுபிடிப்பு தேவையில்லை. ஆனால் இதையும் ஒரு மாணவி தனியாகச் செய்ய முடியாது. வலை போட்டு வளையமிட, கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் பறவை வளைய அமைப்பான சாஃப்ரிங்கின் தகுதி பெற்றவர் உடன் இருக்க வேண்டும், மாகாண வனவிலங்கு அமைப்பின் அனுமதி வேண்டும், ஊசி குத்தப் பல்கலைக்கழக விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இடம் கிங் ஷாகா விமான நிலையத்தின் ஓரத்தில் இருப்பதால், ஓடுபாதைப் பக்கம் கூட்டத்தைக் கலைத்து விரட்டும்படி எதுவும் செய்யக் கூடாது.

அனுமதி எல்லாம் கிடைத்ததாக வைத்துக்கொண்டு செய்முறை சொல்கிறேன், எங்கே கெடும் என்பதோடு.

ரத்தத்தின் உச்ச அளவு உடல் எடையில் 1 சதவீதம். 18 கிராம் குருவிக்கு 180 மைக்ரோலிட்டர். அதில் பாதிக்கும் குறைவாக, ஒரே ஒரு 75 மைக்ரோலிட்டர் நுண்குழாய் நிரப்பினால் போதும். தகைவிலான் ரத்தத்தில் ஏறக்குறைய பாதி செல்கள் என்பதால் சுமார் 35 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா தேறும். சிறகின் அடிப்பக்கம் முழங்கையருகே தெரியும் நாளத்தை 26 அல்லது 27 கேஜ் ஊசியால் லேசாகக் குத்த வேண்டும். சிரிஞ்சால் இழுக்கக் கூடாது, நாளம் சுருங்கிவிடும், செல்கள் உடையும். துளித்து நிற்கும் ரத்தத்தில், உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பூசிய குழாயை வைத்தால் தானே ஏறும். பிறகு பஞ்சால் அழுத்தி, முழுதாக நின்ற பிறகே விட வேண்டும். இன்னொரு உறைவுத் தடுப்பியான ஈ.டி.டி.ஏ. பூசிய குழாய் வேண்டாம். டி-ரோம்ஸ் என்ற சேதச் சோதனை பிளாஸ்மாவிலுள்ள இரும்பைக் கொண்டுதான் ஓடுகிறது, ஈ.டி.டி.ஏ. அந்த இரும்பைக் கட்டிப்போட்டு எல்லாக் குருவிக்கும் பொய்யாகக் குறைந்த எண்ணைத் தரும்.

நேரம்தான் பெரிய பிரச்சினை. மாலையில் அடையவரும் குருவியின் வயிறு நிறைய பூச்சி. புரதம் செரித்ததும் யூரிக் அமிலம் ஏறும், அதோடு ஆன்டிஆக்ஸிடன்ட் திறனும் ‘ஏறும்’. விடியற்காலையில் பிடித்தால் இரவுப் பட்டினியால் அந்தக் கலக்கம் குறைவு. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை மாற்றாமல் இருங்கள். வலையில் விழுந்ததிலிருந்து ஊசி வரை எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு குருவிக்கும் குறித்துவையுங்கள். பிடிபட்ட 3 நிமிடத்தில் அழுத்த ஹார்மோன் ஏறத் தொடங்கும். அரை மணி நேரம் துணிப்பையில் தொங்கிய குருவியின் எண் வேறு. நாணல் ஓரத்தில் அடையும் நேரத்தில் வலையை முழுதாக விரித்தால் சில நிமிடத்தில் நூற்றுக்கணக்கில் விழும். எடுக்க ஆள் போதாமல் குருவி சாகும். சிறிய வலை ஒன்று, விழுந்ததும் சுருட்ட ஒருவர் தயாராக நிற்க வேண்டும்.

குழாய்களைக் குளிர்பெட்டியில் வையுங்கள், ஐஸ்மேல் நேராக அல்ல, துணி போட்டு. நேராகப் பட்டால் செல் உறைந்து உடையும். சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரிக்க வேண்டும். பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தால் செல் உடைந்துவிட்டது, அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள். கீழே படிந்த சிவப்பணுக்களை எறிய வேண்டாம். பறவைச் சிவப்பணுவில் கருவும் உண்டு, வேலை செய்யும் மைட்டோகாண்ட்ரியாவும் உண்டு. குளூட்டத்தயோனும் நொதிகளும் அங்கிருந்துதான் அளப்பது. சேமிப்பு மைனஸ் 80 டிகிரியில். வீட்டு ஃப்ரீசர் போதாது. லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு வந்த காலத்தில் ஜெனரேட்டர் இல்லாத ஆய்வகங்கள் பட்ட பாட்டை நினைத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து இரு இடத்தில் வையுங்கள். ஒருமுறை உருகி மீண்டும் உறைந்த பிளாஸ்மாவை நம்ப முடியாது.

அளவீடு கைமுறையில் கடினமில்லை. சேதத்துக்கான டி-ரோம்ஸ்: 10 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவை பி.எச். 4.8 அசிடேட் கரைசலும் நிறமாக்கியும் சேர்ந்த 200 மைக்ரோலிட்டரில் கலந்து, 37 டிகிரியில் 75 நிமிடம் வைத்து, நிறத்தின் அடர்த்தியைப் படிப்பது. தடுப்புக்கான ஆக்ஸி சோதனை: பிளாஸ்மாவை நீரில் நூறு மடங்கு கரைத்து, அதில் 5 மைக்ரோலிட்டரை 200 மைக்ரோலிட்டர் ஹைப்போகுளோரஸ் அமிலத்தோடு 37 டிகிரியில் 10 நிமிடம் விட்டு, எவ்வளவு அமிலம் மிச்சம் என்று பார்ப்பது. ஹைப்போகுளோரஸ் அமிலத்தை யூரிக் அமிலம் அவ்வளவாகப் பாதிக்காது என்பதால் பறவைகளுக்கு இது ஓரளவு பொருத்தம். வேறு மொத்தத் திறன் சோதனைகள் பல, பறவைப் பிளாஸ்மாவில் பெரும்பாலும் யூரிக் அமிலத்தைத்தான் அளக்கின்றன. எதைப் பயன்படுத்தினாலும் யூரிக் அமிலத்தைத் தனியாகவும் அளந்து, அதன் பங்கைக் கழித்த எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு மாதிரியும் இரண்டு முறை. இரண்டுக்கும் இடையே வேறுபாடு 10 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி.

இவ்வளவுக்கும் வசதி இல்லை என்றால், ஊசி இல்லாமலே பயனுள்ள வேலை ஒன்று உண்டு. வளையமிடும் குழுவோடு சேர்ந்து இறகு மாற்றத்தைக் குறிப்பது. தகைவிலான் சிறகின் முதன்மை இறகுகளில் கண்ணுக்குத் தெரியும் 9-க்கும் தலா 0 முதல் 5 வரை மதிப்பெண். பழைய இறகுக்கு 0, முழுதாக வளர்ந்த புது இறகுக்கு 5, இடைப்பட்டவற்றுக்கு வளர்ச்சியைப் பொறுத்து, மொத்தம் 45. கூடவே எடை 0.1 கிராம் துல்லியத்தில், கழுத்தெலும்புக் குழியில் தெரியும் கொழுப்பின் அளவு, தேதி, நேரம். நவம்பரிலிருந்து மார்ச் வரை மாதம் ஒரு தடவை 40, 50 குருவி பார்த்தாலே, மழை குறைந்த ஆண்டில் இறகு மாற்றம் தாமதமாகிறதா என்பதை அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியும். பிப்ரவரி முடிவில் 35-ஐக்கூடத் தொடாத குருவிகள் பல இருந்தால், அவை ஏப்ரலில் பாதி வளர்ந்த இறகோடு கிளம்பும் அல்லது கிளம்பத் தாமதிக்கும். ஆக்ஸிஜனேற்ற அளவீட்டை எப்போதாவது சேர்க்கும் வாய்ப்பு வந்தால், அந்த எண்ணுக்குப் பொருள் தருவது இந்தப் பட்டியல்தான். அதனால் தொடக்கத்திலேயே வளைய எண்ணோடு சேர்த்து எழுதிவைக்கச் சொல்லுங்கள்.